சட்டைப்பையில் இருந்தும் காப்பாற்றாத பட்டை

பேலன்ஸ் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிற பி.காம் மாணவனுக்கு ராணுவ மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தக் கதையின் நடுவில் ஒரு கணக்குப் பிழை வருகிறது. நிறைய உயிர்களை வாங்கிய பிழை. அதனால் கொஞ்சம் உரிமையோடுதான் எழுதுகிறேன் :-)

1862 ஏப்ரல் 6. அமெரிக்க உள்நாட்டுப் போர். டென்னசி மாநிலத்தில் ஷைலோ என்ற இடம். தென்மாநிலப் படைத் தளபதி ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டனின் வலது முழங்காலுக்குப் பின்னால் ஒரு குண்டு பாய்ந்து தமனியைக் கிழித்தது. ரத்தம் பூட்ஸுக்குள் இறங்கியதால் வெளியே தெரியவில்லை. அவர் குதிரையில் தள்ளாடிய பிறகுதான் பக்கத்தில் இருந்தவர்கள் இறக்கிப் படுக்க வைத்தார்கள். மார்பிலும் வயிற்றிலும் காயத்தைத் தேடினார்கள். அவருடைய மருத்துவரோ அங்கே இல்லை. காயம்பட்ட எதிரிப்படைக் கைதிகளைக் கவனிக்கும்படி ஜான்ஸ்டனே அவரை அனுப்பியிருந்தார். சிறிது நேரத்தில் உயிர் போய்விட்டது. அந்தப் போரில் இரு தரப்பிலும் கொல்லப்பட்டவர்களில் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர் அவர்தான்.

அவருடைய சட்டைப்பையில் ஒரு டூர்னிக்கெட் இருந்தது!

டூர்னிக்கெட் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கை அல்லது காலில் காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றி, ரத்தம் நிற்கும்வரை திருகி இறுக்குவது. 1674-இல் பெசன்சோன் முற்றுகையின்போது எட்டியென் மொரெல் என்ற பிரெஞ்சு மருத்துவர், கட்டுக்குள் ஒரு குச்சியைச் செருகித் திருகினார். 1718-இல் ழான் லூயி பெத்தி அதற்குத் திருகாணி வைத்தார். "திருப்பு" என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் பெயரே வந்தது. அதாவது ஜான்ஸ்டன் இறந்தபோது இந்தக் கருவிக்கு ஏறக்குறைய இருநூறு வயது. பையில் பொருள் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு எங்கே பார்ப்பது, என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்த இடைவெளியை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஜெர்மனியின் கீல் நகரத்துப் பேராசிரியர் ஃபிரீட்ரிக் எஸ்மார்க். போர்க்களத்தில் முதல் கட்டு எப்படிப் போடுவது என்று 1869-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு வீரனும் தனக்கான கட்டுத்துணிப் பொட்டலத்தைத் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்றார். அவருடைய முக்கோணத் துணியில் ஒரு விசேஷம் உண்டு. தலையில், தோளில், காலில் எப்படிக் கட்டுவது என்ற படங்கள் துணியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் பார்த்துக் கட்டலாம். லண்டனில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு 1877 முதல் பொதுமக்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுப்பதைக் கண்டு, 1882-இல் கீல் நகரிலும் அப்படி ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

அதன்பிறகு கட்டுத்துணிப் பொட்டலம் எங்கும் பரவியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் மேல்சட்டை உள்பக்கத்தில் அதற்கென்றே ஒரு பை தைத்திருந்தார்கள். ஆனால் டூர்னிக்கெட்டுக்கு மட்டும் அதே போரில் கெட்ட பெயர் வந்தது.

சரி, இப்போது அந்தக் கணக்குப் பிழைக்கு வருவோம். பதுங்குகுழியிலிருந்து மருத்துவமனைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் கட்டிய கால் அழுகிவிடும், வெட்ட வேண்டியதுதான். மருத்துவர்கள் தினமும் இதைப் பார்த்தார்கள். "டூர்னிக்கெட் காலைப் பறிக்கும், வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் கட்டு" என்ற எண்ணம் பாடப்புத்தகம் வரை ஏறியது. ஆனால் கட்டாததால் களத்திலேயே இறந்தவன் மருத்துவமனைக்கு வரவே மாட்டானே! அவன் யாருடைய ஏட்டிலும் ஏறவில்லை. இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு நஷ்டம் என்று முடிவு கட்டியது போலத்தான் இது. குறை கருவியில் மட்டும் இல்லை, ஆளைத் தூக்கி வர ஆன நேரத்திலும் இருந்தது.

விடுபட்ட அந்தப் பக்கத்தை எழுத 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஃபிராங்க் பட்லரும் இரண்டு சகாக்களும் ஒரு ராணுவ மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். வியட்நாம் போரில் வேறு காயம் எதுவும் இல்லாமல், கை காலில் ரத்தம் போனதால் மட்டுமே 2,500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக அதில் குறிப்பிட்டார்கள். துப்பாக்கிச் சூடு நடக்கும் இடத்தில் முதலில் டூர்னிக்கெட்தான் என்றும் சொன்னார்கள். 2005-இல் அமெரிக்க ராணுவம், ஒரே கையால் தனக்குத்தானே கட்டிக்கொள்ளக்கூடிய டூர்னிக்கெட்டை வீரர்களுக்கு வழங்கத் தொடங்கியது.

பலன்? 2006-இல் பாக்தாத் மருத்துவமனை ஒன்றில் டூர்னிக்கெட் கட்டப்பட்ட 232 பேரை ஜான் கிராக் என்ற மருத்துவரின் குழு ஆராய்ந்தது. டூர்னிக்கெட்டால் மட்டுமே கையையோ காலையோ இழந்தவர் ஒருவர்கூட இல்லை. அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டியபோது 10 சதவீதம்தான். ஆகவே கருவியோடு நிமிடமும் முக்கியம். அந்த நிமிடத்தில் அங்கே இருப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்ல, பக்கத்தில் நிற்பவர்.

இந்தப் பாடம் ராணுவத்தை விட்டு வெளியே வரவும் நாளானது. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பில், சம்பவ இடத்தில் 27 டூர்னிக்கெட்டுகள் கட்டப்பட்டதாகப் பின்னால் வந்த ஆய்வு சொன்னது. அத்தனையும் அங்கே கிடைத்ததைக் கொண்டு கட்டியவை. ஒன்றுகூட முறையாகத் தயாரித்தது இல்லை. குச்சி வைத்துத் திருகாமல் வெறுமனே பெல்ட்டையோ கயிறையோ கட்டினால் தமனியின் ஓட்டம் பெரும்பாலும் நிற்காது. 2015 அக்டோபரில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுக்கொடுக்கும் இயக்கம் தொடங்கியது.

இன்று தினமும் பையில் வைத்துக்கொள்கிறவர்களின் பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு டூர்னிக்கெட், காயத்துக்குள் திணிக்கக் காஸ் துணி, அழுத்திக் கட்டும் பேண்டேஜ், கையுறை, கட்டிய நேரத்தை எழுத ஒரு மார்க்கர் பேனா. அவ்வளவுதான், டிபன் பாக்ஸ் அளவுகூட வராது. டூர்னிக்கெட் கை கால்களுக்கு மட்டுமே. காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் படாமல் கட்ட வேண்டும். கழுத்திலோ வயிற்றிலோ கட்டக் கூடாது.

நம் ஊரில் "அடிபட்டவனைத் தொட்டால் போலீஸ், கோர்ட்டு" என்ற பயம் இன்னொரு தடை. உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் வழிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் சேர்ந்தது. ஆக, சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

வாங்கி வைப்பது ஒரு நாள் செலவு, அவ்வளவுதான். அதை எப்படிக் கட்டுவது என்று பயிற்சியுள்ள ஒருவரிடம் கற்றுக்கொண்டு, பக்கத்து பெஞ்ச் நண்பனுக்கும் சொல்லி வையுங்கள். ஏனென்றால் அடிபட்டது நீங்களாக இருந்தால் உங்கள் பையைத் திறக்கப்போவது அவன்தான். ஜான்ஸ்டனுக்கு அப்படி ஒருவர் அமையவில்லை.