குளிர்ச்சி தரும் பொருள்களின் கதை

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையின் அடிவாரத்தே கல்யாண மகால் என்னும் பல நிலை மாளிகை ஒன்று நிற்கின்றது. நாற்புறமும் வளைவுகள் திறந்த அதன் நிலைகளில் காற்று தடையின்றிப் புகுந்து செல்லும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது ஒரு கோடையில் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். சுற்றிலும் பாறைகள் அனல் கக்கின. "ஐயா, இந்த வெயிலை அரசர்கள் எப்படித் தாங்கினார்கள்?" என்று ஒரு சிறுவன் வினவினான். அதற்கு விடை தேடப் புகுந்தால், அது மனிதன் குளிர்ச்சியைத் தேடிய வரலாறாகவே விரிகின்றது.

அரசருக்கும் குடியானவனுக்கும் அன்று துணை நின்றவை நிழல், காற்று, நீர் ஆகிய மூன்றுமே. மண்பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். நீர் எவருக்கும் தீங்கு செய்யாத பொருள். ஆயினும் காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரையில் இம்முறை நன்கு பயன்படுவதில்லை.

அடுத்து வந்தது பனிக்கட்டி. அமெரிக்க நாட்டின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி 1833இல் கல்கத்தாவை அடைந்தது. சென்னையில் அதனைச் சேமிக்க 1842இல் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்' இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகின்றது. கடல் கடந்து வந்த அப்பொருள் வழியிலேயே உருகிக் குறைந்தது; செல்வர்களுக்கே பெரிதும் எட்டியது.

பானையில் நிகழும் அதே செயலை மூடிய குழாய்க்குள் மீண்டும் மீண்டும் நிகழச் செய்தால் என்ன? ஒரு திரவத்தை ஆவியாக்கிக் குளிர்ச்சி பெற்று, அந்த ஆவியை அழுத்தி மீண்டும் திரவமாக்கும் இயந்திரத்துக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834இல் காப்புரிமை பெற்றார். அவர் பயன்படுத்திய ஈதர் எளிதில் தீப்பற்றுவது. 1870களில் ஜெர்மானியரான லிண்டே அம்மோனியாவைக் கையாண்டார். அது ஆற்றல் மிக்கது. பனிக்கட்டித் தொழிற்சாலைகளில் இன்றும் பயன்படுகின்றது. ஆனால் நச்சுத்தன்மை உடையது. வீட்டுப் பெட்டிகளில் நிரப்பிய கந்தக டை-ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் நச்சு வாயுக்களே. மெத்தில் குளோரைடு கசிந்து உயிரிழந்த குடும்பங்களும் உண்டு.

அச்சமற்ற வாயு ஒன்றை 1928இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் உருவாக்கினர். 1930இல் அவர் ரசாயன அறிஞர்கள் முன்னிலையில் அதனை மூச்சில் இழுத்து, ஊதி, மெழுகுவர்த்திச் சுடரை அணைத்துக் காட்டினார். நஞ்சுமில்லை, தீயுமில்லை! ஃபிரியான் எனப் பெயர் பெற்ற அவ்வகை வாயு உலகெங்கும் பரவியது. ஆனால், அது வானில் உயரச் சென்று ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தனர். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் குறைந்திருப்பது வெளியாயிற்று. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பிறந்தது. அறைக்குள் இருப்பவனுக்குத் தீங்கில்லாத பொருள், வானத்துக்குத் தீங்காயிற்று!

அதற்குப் பதிலாக வந்தவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்-22 ஓசோனைச் சிறிதளவு கெடுக்கும். ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆயின் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 2,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடேற்றும். ஆர்-32க்கு அம்மடங்கு ஏறத்தாழ 675. அது சிறிதளவு தீப்பற்றும். புரோபேன் வாயுவுக்கோ அம்மடங்கு பத்துக்கும் குறைவு. ஆனால் எளிதில் தீப்பற்றுவதால் அளவோடும் காவலோடும் நிரப்ப வேண்டும். வெப்பம் கூட்டும் இவ்வாயுக்களைக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியா அதனை 2021இல் ஏற்றது.

எனவே, குற்றமற்ற குளிரூட்டும் பொருள் இதுவரை கிடைத்திலது. நஞ்சா, தீப்பற்றுமா, ஓசோனைக் கெடுக்குமா, புவியைச் சூடேற்றுமா, மின்சாரம் எவ்வளவு செலவாகும் என ஐந்து வினாக்களையும் ஒருங்கே கேட்க வேண்டும். மிட்ஜ்லியின் காலம் முதல் இரண்டோடு நின்றது. விலையைப் பின்வந்தவர் செலுத்தினர்.

கல்யாண மகாலைக் காணும்போது ஆறாவது வினா ஒன்றும் எனக்குத் தோன்றும். நிழலாலும் காற்றாலும் வெப்பத்தை வாயிலிலேயே தடுத்துவிட்டால், இயந்திரம் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு குறையும்? நாளை வீடு கட்டப் போகும் நீங்கள் அதற்கு விடை காண்பீர்களாக.