பாண்டியன் குதிரைகளும் ஒரு குளம்புக் கத்தியும்

ஆவுடையார்கோயில் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கொடுங்கையைப் பற்றிப் பேசுவார்கள். கருங்கல்லைத் தகடு போல இழைத்து, அடியில் மரச்சட்டமும் ஆணியும் இருப்பது போலவே செதுக்கியிருக்கும் அந்தக் கூரை அழகுதான். ஆனால் இந்தக் கட்டுரை கூரையைப் பற்றியது இல்லை, குதிரையைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால் குதிரையின் கால் நகத்தைப் பற்றியது :-)

சிரிக்காதீர்கள். ஒரு பேரரசின் கஜானா அந்த நகத்தின் வழியாகத்தான் கடலுக்குள் ஒழுகியது என்று 13ஆம் நூற்றாண்டில் ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி வைத்திருக்கிறார். அது உண்மையா என்று பார்க்கப் போகிறோம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கப் பொன்னோடு கீழைக் கடற்கரைக்கு அனுப்பப்படுகிறார். போகும் வழியில் திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், குருந்த மரத்தடியில் குருவைக் காண்கிறார். பொன் முழுவதும் கோயில் திருப்பணிக்குப் போய்விடுகிறது. அரசன் கேட்டபோது இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். அன்று இரவே அவை மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிடுகின்றன. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இந்தத் திருவிளையாடல் நடக்கிறது.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்தக் கதையின் பின்னணியை மட்டும் பாருங்கள். குதிரை உள்ளூரில் கிடைக்காது, கடற்கரைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். அதற்கு அமைச்சரே நேரில் போக வேண்டும், பெரும்பொன் வேண்டும். இந்த மூன்றும் கற்பனை இல்லை. குதிரைகள் கடல் வழியாக வந்ததைப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வர்ணனையிலேயே சொல்கிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டி' என்ற பெயர் வருகிறது. தமிழ்நாட்டின் வெப்பமும் ஈரமும் புல்லும் நல்ல போர்க்குதிரை வளர்ப்புக்கு ஒத்துவரவில்லை. அதனால் அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் இறக்குமதிதான் வழி.

இனி மார்க்கோ போலோ. இவர் 1290களின் தொடக்கத்தில், முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், இந்தக் கரைக்கு வந்தவர். இங்கே ஐந்து அரசர்கள், எல்லோரும் சகோதரர்கள் என்கிறார். ஒவ்வொருவரும் வருடத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார்களாம். ஹோர்முஸ், கிஷ், தோஃபார், ஏடன் முதலிய இடங்களின் வணிகர்கள் கப்பலில் கொண்டு வருகிறார்கள். வருடக் கடைசியில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லையாம். எல்லாம் செத்துப் போகின்றன.

ஏன்? அவர் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, இந்த ஊர்க்காரர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை; வெந்த சோறும் இறைச்சியும் போடுகிறார்கள். இரண்டு, இங்கே லாடக்காரர்களே இல்லை. குதிரை வணிகர்கள் தங்கள் நாட்டு லாடக்காரரைக் கூட்டி வருவதும் இல்லை, வர விரும்பியவரை விடுவதும் இல்லை. குதிரை நீண்ட நாள் வாழ்ந்தால் அடுத்த வருடம் யார் வாங்குவார்கள்?

அச்சுப்பொறியை மலிவாக விற்றுவிட்டு மையில் காசு பார்க்கும் இன்றைய வியாபாரம் ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

இதில் ஒரு சின்ன விளக்கம் தேவை. அந்தக் கால ஐரோப்பாவில் லாடக்காரர் என்றால் இரும்பு அடிப்பவர் மட்டும் இல்லை. குளம்பைச் சீவுவது, புண்ணுக்கு மருந்து போடுவது, வயிற்று வலிக்கு வைத்தியம் பார்ப்பது எல்லாம் அவர்தான். ஆகவே போலோ 'இல்லை' என்று சொல்வது ஒரு தொழிலாளியை மட்டும் இல்லை, குதிரை வைத்தியரையும் சேர்த்துத்தான்.

சரி, குளம்பு கெட்டால் குதிரை சாகுமா? கொஞ்சம் உயிரியல் பார்ப்போம். குளம்பு என்பது நம் விரல் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும் பொருள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். காட்டில் தினமும் பல கிலோமீட்டர் கல்லிலும் மண்ணிலும் நடக்கும் குதிரைக்கு அது தானாகத் தேய்ந்துவிடும். கட்டிப் போட்ட குதிரைக்குத் தேயாது. முன்பக்கம் நீண்டு, ஓரம் விரிந்து, பிளந்து, நடையே கோணலாகும். ஈரத்திலும் சாணத்திலும் நின்றால் அடியிலுள்ள முக்கோண மெத்தைப் பகுதி அழுகும். அதனால் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கத்தி, இடுக்கி, அரம் கொண்டு ஒருவர் சீவி விட வேண்டும். லாடம் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இது கட்டாயம்.

இன்னொன்று தீனி. மாவுச்சத்து அதிகமான தானியத்தை அளவில்லாமல் தின்றால் குதிரையின் குடலில் சமநிலை கெட்டு, அதன் விளைவு காலில் வெளிப்படும். குளம்புச் சுவரை உள்ளே எலும்போடு பிணைக்கும் திசு வீங்கிப் பிய்ந்துபோகும். 'லேமினைட்டிஸ்' என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் நோய் இதுதான். முற்றினால் குதிரை நிற்கவே முடியாது. நிற்க முடியாத குதிரை அதிக நாள் பிழைக்காது.

இப்போது வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியரைப் படித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. அவர் போலோவின் சமகாலத்தவர். இங்கே குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையும் நெய்யில் பக்குவப்படுத்திய தானியமும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலும் குடிக்க வைக்கிறார்களாம். கொழுக்க வேண்டும் என்று 40 நாள் லாயத்தில் கயிறும் முளையும் போட்டுக் கட்டி வைக்கிறார்களாம். பிறகு பழக்காமலேயே ஏறி ஓட்டுகிறார்களாம். கொஞ்ச நாளில் நல்ல குதிரை எல்லாம் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது என்கிறார். 40 நாள் கொழுத்த தீனி, அசைவே இல்லை, சீவ ஆளும் இல்லை... லேமினைட்டிஸை வரவழைக்க இதைவிட நல்ல செய்முறை கிடையாது! இந்த நோய்தான் காரணம் என்பது என் ஊகம்தான், வஸ்ஸாஃப் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சாட்சிகளும் சொல்லும் அறிகுறிகள் அதோடு ஒத்துப்போகின்றன.

வஸ்ஸாஃப் விலையும் தருகிறார். ஒரு குதிரை 220 பொன் தினார். வழியில் கப்பலில் செத்தாலும் விலையை அரசன் கொடுத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆக வழியில் செத்தால் நஷ்டம் பாண்டியனுக்கு. இங்கே வந்து செத்தால் லாபம் வணிகனுக்கு. யார் போட்ட ஒப்பந்தமோ, கெட்டிக்காரர்!

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போலோ கணக்குப்படி ஐந்து அரசர்களுக்கு 10,000 குதிரை. ஒரு குதிரைக்கு வருடத்தில் 8 முறை சீவ வேண்டும் என்றால் 80,000 முறை. ஒருவர் நாளைக்கு 6 குதிரை வீதம் 250 நாள் வேலை செய்தால் 1,500 முறை சீவுவார். அப்படியானால் தேவை 54 பேர், தாராளமாக 60 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஆண்டுச் சம்பளமாக ஒரு குதிரையின் விலையையே கொடுத்தாலும் 13,200 தினார்தான். வருடத்தில் 60 குதிரை கூடுதலாகப் பிழைத்தாலே செலவு திரும்பிவிடும். ஐந்து அரசர்களும் ஆளுக்கு 1,900 குதிரையை இழந்தார்கள் என்றால் இழப்பு 20,90,000 தினார். தீனியையும் சரி செய்திருக்க வேண்டும் என்பது வேறு. ஆனாலும் குளம்பு சீவும் தொழிலுக்கு இதைவிடப் பெரிய சந்தை உலகத்தில் இருந்திருக்குமா?

அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, எண்ணிக்கை. வஸ்ஸாஃப் சொல்லும் 10,000 குதிரை இந்தக் கரைக்கு மட்டும் இல்லை. காம்பே முதலிய மற்றத் துறைமுகங்களையும் சேர்த்து. போலோவின் எண் கொஞ்சம் ஊதிப் பெருத்தது போலத்தான் தெரிகிறது.

இரண்டாவது, 1311இல் மாலிக் காஃபூர் படையெடுத்து வந்து 5,000 குதிரைகளைக் கொண்டு போனதாக அமீர் குஸ்ரு எழுதுகிறார். வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாத நாட்டில் 5,000 எங்கிருந்து வந்தது?

மூன்றாவது, நம் நாட்டில் குதிரை வைத்தியம் தெரியவே தெரியாது என்பது பொய். அர்த்தசாஸ்திரத்தில் குதிரை அதிகாரிக்குத் தனி அத்தியாயம் உண்டு. சாலிஹோத்திரர் பெயரில் நூல்கள் உண்டு. நகுலர் பெயரிலான அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகமே பதிப்பித்திருக்கிறது.

ஆனால் ஏட்டில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றில்லை. குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்து, எவ்வளவு சீவலாம், எங்கே நிறுத்தணும் என்று விரலால் உணரும் வித்தை சுலோகத்தில் வராது. அதற்குத் தலைமுறை தலைமுறையாகக் குதிரை வளர்க்கும் சமூகம் வேண்டும். இறக்குமதியை மட்டுமே நம்பிய ஊரில் அது எப்படி உருவாகும்? போலோ மிகைப்படுத்தினார், ஆனால் முழுப் பொய் சொல்லவில்லை என்பது என் முடிவு.

'லாடம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தொல்காப்பிய விதிப்படி தமிழ்ச் சொல் 'ல'கரத்தில் தொடங்காது. குளம்பு தமிழ், லாடம் வந்த சொல். ஆணி அடிக்கும் இரும்பு லாடம் வட இந்தியாவில் துருக்கியர் வருகையோடு பரவியது என்று ஆய்வாளர்கள் சொல்வதோடு இது பொருந்துகிறது. ஒரு சொல்லை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாதுதான். அதற்காக லாடம் இல்லாததே குற்றம் என்றும் ஆகாது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான செனஃபோன், குதிரை நிற்கும் இடத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பினால் குளம்பு இறுகும் என்று எழுதினார். அவர் காலத்துக் குதிரைக்கு லாடம் இல்லை. நம் காலத்தில் ஜெய்மி ஜாக்சன் என்ற அமெரிக்க லாடக்காரர் 1980களில் காட்டுக் குதிரைகளின் காலைப் பார்த்துவிட்டு, லாடமே வேண்டாம், சரியாகச் சீவினால் போதும் என்று சொல்ல ஆரம்பித்தார். 1992இல் புத்தகமும் எழுதினார். இன்று பல நாடுகளில் அது ஒரு முழுநேரத் தொழில். பாண்டியனுக்குத் தேவைப்பட்டது இரும்பு இல்லை, ஒரு கத்தியும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையும்தான்.

நம் மாவட்டத்துக்கு வருவோம். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தப் பிரம்மாண்டக் குதிரைக்கு மாசி மகத்தில் காகித மாலைகள் குவியும். ஊருக்கு ஊர் புரவி எடுப்பில் மண்குதிரை செய்து வைக்கிறார்கள். செத்துச் செத்து விழுந்த குதிரைகளின் நாட்டில் சாகாத குதிரையைக் குயவர்கள் செய்து கொடுத்தார்கள் என்று தோன்றுகிறது. இது ஆய்வு முடிவு இல்லை, எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

உயிருள்ள குதிரைகளும் இருக்கின்றன. திருவிழாக் காலத்தில் அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தோடு குதிரைவண்டிப் பந்தயமும் நடக்கும். பரிசு வாங்கிய குதிரையின் பெயர் ஊருக்கே தெரியும், அதன் காலைச் சீவியவர் பெயர் யாருக்கும் தெரியாது. மாட்டுக்கு லாடம் அடித்தவர்கள் நிலையும் அதேதான். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது என்பதால் காலுக்கு இரண்டு, மொத்தம் எட்டுத் தகடு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, ஆணி சதையில் ஏறாமல் அடிப்பார்கள். டிராக்டரும் லாரியும் வந்தபின் வண்டிமாடு குறைந்தது, அந்தக் கைகளும் குறைந்தன.

ஒரு தொழில் தெரிந்தவர்கள் இல்லாததால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்குப் பாண்டிய நாடு ஒரு பழைய உதாரணம். அன்று வணிகர்கள் வரவிடாமல் தடுத்தார்கள். இன்று யாரும் தடுக்கவில்லை, நாம்தான் கேட்டு வைக்கவில்லை. உங்கள் ஊர்ச் சந்தையடியில் லாடம் அடித்த பெரியவர் யாராவது இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கத்தி, எந்தச் சாய்வு, எங்கே நிறுத்தணும் என்று கேட்டு எழுதி வையுங்கள். மார்க்கோ போலோ வந்துதான் எழுத வேண்டும் என்று இல்லை.