ஓர் அரசியல் சாசனத்தின் இடக்கரடக்கல்

அவையில் வெளிப்படச் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் மறைத்து உணர்த்துவதை இடக்கரடக்கல் என்பர் இலக்கண நூலார். தகுதி வழக்கின் மூவகையுள் ஒன்றாக நன்னூல் இதனைக் கூறும். பேச்சிலும் செய்யுளிலும் இது பண்பாட்டின் பாற்பட்டது. ஆனால், ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டமே இடக்கரடக்கலைக் கையாளுமாயின் அதனால் விளைவது யாது? இவ்வினாவுக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொடக்க வரலாறு விடை பகர்கிறது. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் இயற்றப்பெற்ற அந்நாட்டு அரசியல் சாசனம் அடிமை முறையைக் குறித்து மூன்று இடங்களில் விதி வகுக்கிறது. எனினும், 'அடிமை' என்னும் சொல் அதன் மூலப் பாடத்தில் ஓரிடத்திலும் இல்லை.

நீக்கப்பட்ட பத்தி

பிரிட்டிஷ் முடியாட்சியினின்று பிரிந்த 13 குடியேற்ற நாடுகள் 1776 ஜூலை 4ஆம் நாள் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றன. மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று முழங்கிய அந்தப் பிரகடனத்தின் வரைவை எழுதியவர் தாமஸ் ஜெஃபர்சன். ஆப்பிரிக்க அடிமை வாணிகத்தைக் கடிந்து, அதன் பழியை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மீது சுமத்திய பத்தி ஒன்றும் அவ்வரைவில் இருந்தது. தென் கரோலினா, ஜார்ஜியா ஆகிய இரண்டின் விருப்பத்துக்கு இணங்கவே அப்பத்தி நீக்கப்பட்டதென்றும், அவ்வாணிகத்தில் பங்கு கொண்ட வடபுலத்தாருக்கும் அது உறுத்தலாக இருந்ததென்றும் ஜெஃபர்சன் பின்னாளில் எழுதினார். எழுதிய அவரும் தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர் என்பதை வரலாறு மறைக்கவில்லை.

கவிஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கப்பலேற்றப்பட்டு, 1761இல் பாஸ்டன் நகரில் விற்கப்பட்டவர் ஃபில்லிஸ் வீட்லி. அவருடைய கவிதைத் தொகுதி 1773இல் லண்டனில் வெளிவந்தது. ஓர் அடிமைப் பெண் கவிதை எழுத வல்லவள் என்பதை உலகம் நம்பாதென்று கருதி, அவையெல்லாம் அவர் எழுதியவையே எனப் பாஸ்டன் பெருமக்கள் 18 பேர் சான்றளித்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் ஹான்காக்கே மூன்றாண்டுகளின் பின் விடுதலைப் பிரகடனத்தில் முதற்கையொப்பம் இட்டவர். வீட்லியின் கவித்திறத்துக்குச் சான்று கூறிய கை, அவருடைய இனத்தாரைப் பற்றிய பத்தி நீக்கப்பட்ட ஏட்டிலும் ஒப்பமிட்டது. விடுதலை பெற்ற பின்னரும் வறுமையில் உழன்ற அக்கவிஞர் 1784இல் மறைந்தார்.

பிலடெல்பியாவில் நிகழ்ந்தது

1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்புச் சட்டம் வலுவற்றதாக இருந்தது. வரி விதிக்கும் அதிகாரம் நடுவண் அவைக்கு இல்லை. சட்டத்தைத் திருத்த 13 மாநிலங்களும் ஒருமனப்பட வேண்டும். கடன்சுமையால் நொந்த மாசசூசெட்ஸ் உழவர்கள் 1786இல் கிளர்ந்தெழுந்தபோது அக்குறை மேலும் புலப்பட்டது. ஆகவே 1787 மே 25ஆம் நாள் பிலடெல்பியாவில் பேரவை கூடியது. ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை வகித்தார். ரோட் தீவு நீங்கலாக 12 மாநிலங்களிலிருந்து 55 பேராளர்கள் வந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைகளை உடையவர்கள். நடவடிக்கைகள் மறைவாக நடைபெற்றன. வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகள், அவர் மறைந்தபின் 1840இல் வெளியானதாலேயே உள்ளே நிகழ்ந்த வாதங்களை உலகம் விரிவாக அறிய முடிந்தது.

பிரதிநிதிகளின் எண்ணிக்கையை மக்கள்தொகை கொண்டு வகுப்பதெனில் அடிமைகளை எவ்வாறு எண்ணுவது? வாக்கோ உரிமையோ அற்ற அவர்களை முழுமையாக எண்ண வேண்டும் என்றனர் தென்புலத்தார் சிலர். எண்ணவே கூடாது என்றனர் வடபுலத்தார் சிலர். ஐந்து பேரை மூவராகக் கணக்கிடுவது என்ற உடன்பாடு இறுதியில் ஏற்பட்டது. 1790ஆம் ஆண்டின் முதல் கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 39 இலட்சம். அவர்களுள் அடிமைகள் ஏறத்தாழ 7 இலட்சம். அம்மக்களின் தலைகள், அவர்களை அடக்கி வைத்தவர்களின் ஆட்சிப் பங்கைக் கூட்டவே பயன்பட்டன.

ஆகஸ்டு 25ஆம் நாள் அடிமை வாணிகம் பற்றிய விதி விவாதத்துக்கு வந்தது. பென்சில்வேனியாவின் பேராளரான கவர்னர் மாரிஸ் எழுந்தார். (கவர்னர் என்பது அவர் இயற்பெயர், பதவியன்று.) அடிமை முறையை அப்பேரவையில் மிகக் கடுமையாகச் சாடியவர் அவரே. இவ்விதி யாருக்காக இயற்றப்படுகிறது என்பதை உலகம் அறியட்டும். 'வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா ஆகியவற்றுக்கு அடிமைகளை இறக்குமதி செய்வது தடுக்கப்படாது' என வெளிப்படையாகவே எழுதிவிடலாம் என்பது அவர் கருத்து. 'அடிமை' என்ற சொல்லுக்குத் தடையில்லை, மாநிலங்களின் பெயரைச் சொல்வதுதான் மனத்தாங்கலை உண்டாக்கும் என்றார் வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன். அச்சொல் சிலருக்கு உவப்பாக இராது என்றார் கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன். மாரிஸ் தம் கருத்தைத் திரும்பப் பெற்றார். மனிதரை உடைமையாகக் கொள்ளலாம் என்னும் எண்ணத்தைச் சாசனம் ஏற்பது தவறு என்று அதே நாளில் கூறிய மேடிசனும் அடிமைகளை உடையவரே.

விளைவாக, 'மாநிலங்கள் உள்ளே விட விரும்பும் ஆட்களின்' வருகையை 1808க்கு முன் தடுக்கலாகாது என்றும், அவர்களுக்குத் தலைக்கு 10 டாலருக்கு மேற்படாத வரி விதிக்கலாம் என்றும் விதி அமைந்தது. செப்டம்பர் 13ஆம் நாள், பிரதிநிதித்துவ விதியில் இருந்த அடிமைத்தன்மை சுட்டும் சொல் எடுக்கப்பட்டு, 'பணி' என்னும் சொல் இடப்பட்டது. முன்னது அடிமைகளுக்கு உரியது, பின்னது சுதந்திரமானவர்களின் கடப்பாட்டைக் குறிப்பது என்பது அவர்கள் சொன்ன காரணம். தப்பியோடும் அடிமையும் 'பணிக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட ஆள்' ஆனார். நூற்பா யாக்கும் புலவரினும் நுணுக்கமாக அவர்கள் சொற்களை எடைபோட்டனர். பொருளை மாற்றாமல் சொல்லை மட்டும் மாற்றிய உழைப்பு அது.

சாசனத்துக்கு இறுதி நடை வகுத்த ஐவர் குழுவில் எழுத்துப்பணியின் பெரும்பகுதி மாரிசையே சார்ந்தது. முந்தைய வரைவின் முகப்புரை மாநிலங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சென்றது. அதனை மாற்றி, ஐக்கிய நாடுகளின் மக்களாகிய நாம் என்று தொடங்கினார் அவர். மக்களே ஆட்சியின் ஊற்று என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன தொடர் அதற்கு முன் அரிது. மறைக்கப்பட்ட சொல்லை வெளிப்பட எழுதத் துணிந்தவரும், 'மக்கள்' என்னும் சொல்லை முகப்பில் நிறுத்தியவரும் ஒருவரே. முந்தியதில் அவர் தோற்றார், பிந்தியதில் வென்றார். செப்டம்பர் 17ஆம் நாள் 39 பேராளர்கள் கையொப்பமிட்டனர்.

சொல் மீண்ட வரலாறு

இந்த மறைப்பு அக்காலத்திலேயே கண்டறியப்பட்டது. மேரிலாந்தின் லூதர் மார்ட்டின் கையொப்பமிடாமலே பேரவையினின்று நீங்கி, அமெரிக்கர் செவிக்கு அருவருப்பான சொற்களைத் தவிர்த்தவர்கள் அச்சொற்கள் குறிக்கும் பொருளை ஏற்கத் தயங்கவில்லை என்று 1788இல் எழுதி வெளியிட்டார். நோயாளி தன் உடற்கட்டியை மறைப்பது போன்றது இது என்றார் ஆபிரகாம் லிங்கன், 1854இல் ஆற்றிய உரையில். அதே ஆண்டு, அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வில்லியம் லாயிட் காரிசன் சாசனத்தின் படியைப் பொதுமேடையில் தீயிட்டார்.

அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் முதலில் காரிசனின் வழியே சென்றவர். பின்னர் அவர் கருத்து மாறியது. சாசனத்தில் 'அடிமை' என்ற சொல் இல்லையெனில் அடிமை முறைக்கு அதில் இடமில்லை என்பதே பொருள். 'மக்கள்' என்றால் எல்லா மக்களும்தான் என்று அவர் வாதிட்டார். வெட்கத்தால் விடப்பட்ட வெற்றிடத்தை உரிமைக்கான வாயிலாகக் கண்டவர் அவர். ஆயினும் 1857இல் உச்ச நீதிமன்றம் டிரெட் ஸ்காட் வழக்கில், ஆப்பிரிக்க வழியினர் அந்நாட்டுக் குடிமக்களாக முடியாதெனத் தீர்ப்பளித்தது. 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர்.

1865 டிசம்பர் 6ஆம் நாள் சாசனத்தின் 13ஆம் திருத்தம் நிறைவேறியது. அதற்குத் தேவையான கடைசி ஒப்புதலை வழங்கிய மாநிலம், 1776இல் ஜெஃபர்சனின் பத்தியை விலக்கச் செய்த அதே ஜார்ஜியா. 78 ஆண்டுகளாகச் சாசனம் உச்சரிக்க நாணிய அடிமை முறையின் பெயர் அத்திருத்தத்தில்தான் முதன்முதலாக அதனுள் எழுதப்பட்டது. அம்முறையை ஒழிப்பதற்காகவே எழுதப்பட்டது. குற்றத்துக்குத் தண்டனையாக வரும் கட்டாய உழைப்பை மட்டும் அத்திருத்தம் விலக்காக நிறுத்தியது. அந்த விலக்கு இன்னொரு துயர வரலாற்றுக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

அமெரிக்க அரசமைப்பின் பெருமை 'மக்கள்' என்னும் சொல்லில் நிற்கிறது. அதன் குறை, எழுதாமல் விட்ட சொல்லில் இருந்தது. ஒரு தீமையின் பெயரை எழுதாமல் விட்டவர்கள் அதனை 78 ஆண்டு காத்தனர். பெயர் சொல்லி எழுதிய பின்னரே அதனை ஒழிக்க இயன்றது. சொல்லைக் கருவியாகக் கொண்டோர் இதனை மறத்தலாகாது.