நாண் இறக்கிய வில்

கையால் செதுக்கிய மரவில்லை எவ்வளவு நேரம் நாணேற்றியே வைத்திருக்கலாம்? வில் போர்க்களத்தை விட்டகன்று நெடுங்காலம் ஆனபின் இவ்வினா எதற்கு என வாசகர் நினைக்கக்கூடும். ஆயினும் பண்டைய அரபுக் கவிதையையும் ஸீரா நூல்களையும் பயில்வோருக்கு இது புறக்கணிக்கத்தக்கதன்று. இதன் விடையை அறியாதவர், அக்கவிதைகளின் சில அடிகளை வெறும் அலங்காரமெனக் கருதிக் கடந்துவிடுவர்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்திய மன்னர் அமாசிஸைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். காலையில் அரசுப்பணி, அதன்பின் நண்பர்களுடன் கேளிக்கை என வாழ்ந்த அம்மன்னரைச் சிலர் குறைகூறினர். வில்லாளிகள் தேவையின்போது நாணேற்றி, வேலை முடிந்ததும் இறக்கிவிடுவதை அவர் சுட்டிக்காட்டினாராம். ஓயாது நாணேறிய வில் முறிந்துபோகும் என்பது அவர் வாதம். பின்வந்தோர் இதிலுள்ள அறிவுரையை எடுத்துக்கொண்டு வில்லை மறந்துவிட்டனர். மன்னரின் கூற்றிலும் ஒரு திருத்தம் தேவை. அவ்வாறு விடப்பட்ட மரவில் பெரும்பாலும் முறிவதில்லை, களைத்துவிடுகிறது. முறிந்த வில்லை எவரும் அறிவர். களைத்த வில்லைக் கையாள்பவன் மட்டுமே அறிவான்.

நாணேறிய வில்லின் வெளிப்புறம் இழுபடுகிறது; எய்பவனை நோக்கிய உட்புறம் நசுங்குகிறது. மரத்தின் நார்கள் இழுவிசையைத் தாங்குமளவுக்கு அமுக்கத்தைத் தாங்குவதில்லை. நாண் நெடுநேரம் ஏறியே இருந்தால் உட்புற நார்கள் சிறிது சிறிதாக ஒடுங்கிவிடும். பின்னர் நாணை அவிழ்த்தாலும் தண்டு பழைய நிலைக்கு நிமிராது. வளைவு எந்த அளவுக்கு நிலைத்துவிட்டதோ அந்த அளவுக்கு அம்பின் விசை குன்றும். காலத்தோடு ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் கேடு விரைவுபடும். ஆகவே எல்லா வில்லுக்கும் பொருந்தும் ஒரே கணக்கு இல்லை. நன்கு உலர்ந்து பழகிய வில் ஒரு பகல் வேட்டையைத் தாங்கும். இடையிடையே இறக்கி ஓய்வளித்தால் நெடுநாள் உழைக்கும். புதிதாகச் செதுக்கிய வில்லுக்கு அவ்வளவும் ஆகாது. இரவு முழுவதும் நாணோடு தொங்கவிடுவது எந்த மரவில்லுக்கும் தீங்கே.

ஹிஜாஸின் அரபிகள் தம் வில்லுக்கு நப்உ, ஷவ்ஹத், ஷிர்யான் ஆகிய மரங்களை விரும்பினர். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டின் மொழியறிஞர் அல்முபர்ரத், இம்மூன்றும் ஒரே மரம்தான் என்கிறார். மலையுச்சியில் வளர்ந்தால் நப்உ, சரிவில் வளர்ந்தால் ஷிர்யான், அடிவாரத்தில் வளர்ந்தால் ஷவ்ஹத் என்பது அவர் தரும் விளக்கம். தாவரவியலார் இதனை ஏற்பது ஐயமே. ஆனால் வில் செய்வோரின் பார்வையை இது நன்கு காட்டுகிறது: எந்த மரம் என்பதோடு, எங்கே நின்ற மரம் என்பதும் அவர்களுக்கு முக்கியம். பிளவாத முழுக்கிளையில் செய்த வில்லுக்குக் கதீப் என்றும், பிளந்த கட்டையில் செய்ததற்கு ஃபில்க் என்றும் தனிப்பெயர்கள் இருந்தன.

நாண் பூட்டாத வில்லுக்கும் ஒரு சொல் உண்டு: உதுல். கழுத்தணி அணியாத பெண்ணையும் அரபிகள் இதே சொல்லால் குறித்தனர். நாண், அணிய வேண்டிய வேளையில் அணிந்து பின் கழற்றி வைக்கப்படும் நகை போன்றது என்னும் எண்ணம் இதில் ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நாணுக்கு வதர் என்று பெயர். இறுக்கம், பதற்றம் எனும் பொருளில் இன்றைய அரபு நாளேடுகள் அன்றாடம் எழுதும் தவத்துர் எனும் சொல் அதன் வழிவந்ததே.

அறியாமைக் காலத்தையும் இஸ்லாமிய காலத்தையும் கண்ட கவிஞர் அஷ்ஷம்மாக் இப்னு ளிரார், ஒரு வில்லின் வரலாற்றையே கவிதையாக்கியவர். மஹ்மூத் முஹம்மத் ஷாகிர் 1952இல் வெளியிட்ட 'அல்கவ்ஸுல் அத்ரா' எனும் நெடுங்கவிதைக்கு ஊற்று அதுவே. ஷம்மாக்கின் வில்வினைஞன் புதருக்குள் மறைந்து வளர்ந்த ளால் எனும் காட்டு இலந்தைக் கிளையைத் தேடிக் கண்டடைகிறான். வெட்டிய கிளையை உடனே செதுக்கவில்லை. பட்டையோடு ஈராண்டுகள் வைத்து, பட்டையின் சாற்றை மரம் மெல்ல உறிஞ்சி உலரவிடுகிறான். அதன்பின்னரே கோணல் நீக்கும் கருவியும் இழைக்கும் கருவியும் அதைத் தொடுகின்றன. பனி இறங்கும் வேளையில் அவ்வில்லைக் கந்தலால் சுற்றாமல் நேர்த்தியான ஆடையால் போர்த்துவர் என்றும் கவிஞர் கூறுகிறார்.

இப்போர்வையைக் காதலியின் உவமை என்று மட்டும் உரைப்பது போதாது. ஈரம் ஏறிய மரம் எளிதில் வளைந்து அவ்வளைவிலேயே நின்றுவிடும். ஈராண்டுக் காத்திருப்பும் பனிக்கால ஆடையும் ஒரே பகைவனுக்கு எதிரான இரு காவல்கள். மூன்றாவது காவல்தான் நாண் இறக்குதல்.

வேட்டைக்கு இவ்விதி எளிது; போருக்கு அவ்வாறன்று. எதிரி வரும் நேரத்தை வில்லாளி அறியான். முன்னதாகவே நாணேற்றிக் காத்திருந்தால் வில் தளரும். ஏற்றாதிருந்தால் உயிர் போகும். ஹம்ஸா (ரலி) இஸ்லாத்தைத் தழுவிய நாளில், வேட்டையிலிருந்து வில்லைத் தோளில் மாட்டியபடி மக்கா திரும்பினார்கள் என்றும், அவ்வில்லாலேயே அபூஜஹ்லின் தலையைக் காயப்படுத்தினார்கள் என்றும் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். வில்லைத் தோளில் மாட்ட நாண் வேண்டும். ஊர் வந்து சேரும்வரை வேட்டைக்காரர் நாணை இறக்கவில்லை எனக் கொள்ள இதில் இடமுண்டு.

ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) பத்ரில், எதிரிகள் நெருங்கிய பின்னரே எய்யுமாறும் அம்புகளைச் சேமிக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்ததாகப் புகாரியில் காண்கிறோம். மறு ஆண்டு உஹதில் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளிகள் குன்றின்மீது நிறுத்தப்பட்டனர். இடத்தைவிட்டு அகலலாகாது என்பது அவர்களுக்கிட்ட கட்டளை. எந்த நொடியிலும் குதிரைப்படை பின்புறமாக வரலாம் எனும் நிலையில் அவர்கள் நாணை இறக்கியிருக்க முடியாது. அத்தகைய வேளையில் வில்லின் ஆயுளைப் பேணுவது எவருக்கும் கடமையன்று. அதே போரில் நபி (ஸல்) அவர்கள் எய்த வில்லின் முனை முறிந்துபோயிற்று. அதனைக் கதாதா இப்னுந் நுஃமான் (ரலி) எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் மம்லூக் படைகள் ஏந்திய கூட்டுவில் வேறு இனம். அதன் உட்புறத்தில் கொம்பு, வெளிப்புறத்தில் தசைநார், நடுவே மரம். கொம்பு அமுக்கத்தையும் தசைநார் இழுவிசையையும் தாங்குவதால், மரவில்லைவிட நெடுநேரம் அது நாணோடு நிற்கும். நாண் இறக்கினால் எதிர்த்திசையில் சுருண்டுவிடுவதால் அதனை மீண்டும் பூட்டுவது தனிக்கலை. 1368 அளவில் தைபுகா எழுதிய வில்வித்தை நூல் நாணேற்றும் முறைகளை விரிவாகப் பேசுவது வியப்பன்று. ஆனால் அதன் பசை ஈரத்தில் இளகும். கூட்டுவில் பரவிய பின்னும் மரவில் மறக்கப்படவில்லை. 1500 அளவில் பெயர் குறிப்பிடாத மொரோக்கோ ஆசிரியர் ஒருவர் எழுதிய நூலும் ஹிஜாஸின் மரவில்லுக்கு இடமளிக்கிறது.

ஷம்மாக்கின் வில்வினைஞன் இறுதியில் தன் வில்லைச் சந்தைக்குக் கொண்டுசெல்கிறான். வாங்க வந்தவன் அதனை இழுத்துப் பார்க்கிறான். வில் சற்றே இணங்குகிறது. ஆனால் அம்பை முழுதும் இழுக்கவிடாமல் தடுக்கிறது. களைத்த வில்லில் இந்தத் தடுப்பு இராது. அதற்காகவே அவன் ஆடைகளையும், 90 திர்ஹங்களையும், பதனிட்ட ஆட்டுத்தோலையும் விலையாகத் தர முன்வருகிறான். சுற்றி நின்றவர்கள் விற்றுவிடு என்கின்றனர். விற்ற பின் வினைஞனின் கண்கள் நிறைகின்றன.