அமெரிக்காவில் வாக்குரிமையும் வாக்காளர் பதிவும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தேர்தல் நடத்துவது மாநிலங்களின் பொறுப்பு. அந்த வேலையை நேரில் செய்பவை பெரும்பாலும் கவுண்டி நிர்வாகங்கள். சில மாநிலங்களில் நகர நிர்வாகங்கள். நாடு முழுவதற்கும் வாக்காளர் பட்டியல் தயாரித்து, வாக்குகளை எண்ணி, முடிவை அறிவிக்கும் ஒரே ஆணையம் அங்கே கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பு பிரசார நிதியை மட்டுமே கண்காணிக்கிறது.

1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு, யார் வாக்களிக்கலாம் என்ற முடிவை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. தொடக்க காலத்தில் பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை இன ஆண்களே வாக்களித்தனர். நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்களுக்கும் இருந்த உரிமை 1807-இல் பறிக்கப்பட்டது. பின்னர் வந்த திருத்தங்கள் ஒவ்வொன்றும் ஒரு தடையை நீக்கின. இனத்தைக் காட்டி வாக்கை மறுப்பதை 1870-ஆம் ஆண்டுத் திருத்தமும், பாலினத்தைக் காட்டி மறுப்பதை 1920-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுத்தன. 1971-இல் வாக்களிக்கும் வயது 18 ஆனது. ஆனால் வாக்களிப்பது குடிமக்கள் அனைவருக்கும் உரிமை என்று நேராகச் சொல்லும் வாசகம் இன்றுவரை அரசியலமைப்பில் இடம்பெறவில்லை.

தென் மாநிலங்கள் இந்த இடைவெளியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டன. மிசிசிப்பி 1890-இல் இயற்றிய அரசியலமைப்பு, வாக்களிக்க 2 டாலர் வரி கட்டச் சொன்னது. மாநில அரசியலமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் விளக்கவோ தெரிந்திருக்க வேண்டும் என்றது. எந்தப் பிரிவைக் கேட்பது, விளக்கம் சரியா என்பதையெல்லாம் பதிவு அலுவலரே தீர்மானித்தார். சட்டத்தில் இனம் என்ற சொல்லே இல்லாமல் ஓர் இனம் முழுவதையும் வெளியே நிறுத்த அந்த ஒரு மேசை போதுமானதாக இருந்தது. லூசியானா 1898-இல் இன்னொரு வழி கண்டது: 1867 ஜனவரி 1 அன்று வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் மகன்களுக்கும் பேரன்களுக்கும் எழுத்தறிவு, சொத்து நிபந்தனைகளிலிருந்து விலக்கு. 1896-இல் அங்கே சுமார் 1,30,000 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தனர். 1904-இல் 1,342 பேரே மிஞ்சினர். இத்தகைய பாட்டன் வழி விலக்கை உச்ச நீதிமன்றம் 1915-இல் செல்லாது என்றது. ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதி 1944 வரை நீடித்தது. அக்கட்சி மட்டுமே வென்றுவந்த தெற்கில் உள்தேர்தல்தான் உண்மையான தேர்தல்.

1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில், வாக்காளர் பதிவு கோரி நடந்துபோனவர்களைப் பாலத்தருகே காவலர்கள் அடித்து வீழ்த்தினர். நாடே தொலைக்காட்சியில் அதைக் கண்டது. ஆகஸ்ட் 6 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கக் குடிமை உரிமை வரலாற்றில் இவ்வளவு விரைவாகப் பயன் தந்த சட்டம் வேறொன்றைக் காட்டுவது கடினம். பாகுபாட்டு வரலாறு கொண்ட பகுதிகளில் எழுத்தறிவுத் தேர்வு நிறுத்தப்பட்டது. பெயர்களைப் பதிய மத்திய அரசின் அலுவலர்கள் அனுப்பப்பட்டனர். அப்பகுதிகளில் தேர்தல் விதியில் சிறு மாற்றத்துக்குக்கூட வாஷிங்டனின் முன்னனுமதி தேவைப்பட்டது. மிசிசிப்பியில் கறுப்பினத்தவரின் பதிவு இரண்டே ஆண்டுகளில் சுமார் 7 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்தை எட்டியது. எந்தப் பகுதிகளுக்கு முன்னனுமதி தேவை என்று வகுத்த பிரிவை உச்ச நீதிமன்றம் 2013-இல் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. அன்றே, அதுவரை தடைபட்டிருந்த புகைப்பட அடையாளச் சட்டத்தை அமல்படுத்தப்போவதாக டெக்சாஸ் அறிவித்தது.

பட்டியலில் பெயர் சேர்ப்பது பல மாநிலங்களில் இன்றும் குடிமகனின் பொறுப்புதான். வீடு மாறினால் முகவரியைப் புதுப்பிக்க வேண்டும். சில மாநிலங்களில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு முடிந்துவிடும். 1993-ஆம் ஆண்டுச் சட்டம், ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகங்களிலேயே பதிவு செய்துகொள்ள வழி செய்தது. ஒரெகான் 2016 முதல், உரிமம் பெறும் தகுதியுள்ளவர்களைத் தானாகவே சேர்க்கிறது. வட டகோட்டாவில் பதிவு முறையே இல்லை. நீக்கத்துக்கும் விதிகள் உண்டு. சில ஆண்டுகள் வாக்களிக்காதவருக்கு அட்டை அனுப்பி, பதில் வராமல் மேலும் நான்கு ஆண்டுகள் வாக்களிக்காவிட்டால் பெயரை நீக்கும் ஒஹையோவின் முறையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது.

பொதுத்தேர்தல் நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயன்று நடைபெறும். அதிபரைத் தேர்வாளர் குழுவின் 538 பேர் தேர்ந்தெடுக்கின்றனர். வெல்ல 270 வாக்குகள் தேவை. மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்த மாநிலங்களில் முந்துபவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் அனைத்தும் சேரும். அதனால் நாடு தழுவிய மொத்த வாக்கில் பின்தங்கியவர்கள் 2000-லும் 2016-லும் அதிபராயினர். 2000-இல் முடிவைத் தீர்மானித்த ஃப்ளோரிடாவில் வித்தியாசம் 537 வாக்குகள்.

அதே ஃப்ளோரிடா, கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கு விடுதலைக்குப் பிறகும் வாக்கை மறுத்துவந்தது. கொலை, பாலியல் குற்றம் தவிர்த்த மற்றவர்களுக்கு உரிமையைத் திருப்பித் தர 2018-இல் மக்கள் வாக்களித்தனர். அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டியாக வேண்டும் என்று மறு ஆண்டே சட்டமன்றம் நிபந்தனை விதித்தது. மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களிலோ சிறையில் இருப்பவர்களும் வாக்களிக்கலாம். புவெர்ட்டோ ரிக்கோ தீவினர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள்; தீவில் வாழும்வரை அவர்களுக்கு அதிபர் தேர்தலில் வாக்கில்லை. ஏதேனும் ஒரு மாநிலத்தில் குடியேறிப் பதிவு செய்துகொண்டால் உண்டு.