போலீசை விசாரிப்பது யார்?
கிட்டி முதல் திங்கட்கிழமை மனு வரை

கீழ்பென்னாத்தூர் பக்கத்துச் சேரியில் ஒருவன் டேசனில் அடிபட்டுத் திரும்பினால், மறுநாள் காலையில் நடப்பது ஒன்றுதான். படித்த பையன் எவனையாவது பிடித்து உட்காரவைத்து மனு எழுதச் சொல்வார்கள். தமிழ் எம்.ஏ. படித்த பாவத்துக்கு, பத்துப் பன்னிரண்டு வருசமாக அந்தப் பையன் நான்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் குந்தியிருப்பவர்கள் கேட்பார்கள். யாருக்குப்பா எழுதற? கலெக்டருக்கு. அவரு யாரக் கூப்ட்டுக் கேப்பாரு? எஸ்.பி.யை. எஸ்.பி.? டி.எஸ்.பி.யை. அவரு? இன்ஸ்பெக்டரை. ஒருமுறை ஒரு பாட்டி குறுக்கே புகுந்து, "அதுக்கு இன்னாத்துக்குடா திருணாமல வரைக்கும் பஸ்ஸு? அடிச்ச ஏட்டு கைலயே குடுத்துட்டு வந்துடு" என்றாள்.

பாட்டி கேட்டதை விரித்துச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. போலீசை விசாரிக்கும் பொறுப்பு காலம் காலமாக யார் யார் கைக்குப் போயிற்று, அந்தக் கைகளெல்லாம் யாருடையவை என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டம் படித்தவர்கள் இதை வேறு மாதிரி எழுதுவார்கள். நான் மனு எழுதுகிறவன் இடத்திலிருந்து எழுதுகிறேன்.

1854இல் லண்டன் பாராளுமன்றத்தில் ஒரு பேச்சு எழுந்தது. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று. கம்பெனி அரசு வேறு வழியில்லாமல் மூன்று பேர் கொண்ட கமிஷனைப் போட்டது: எலியட், ஸ்டோக்ஸ், வக்கீல் ஜான் புரூஸ் நார்ட்டன். மூவரும் வெள்ளைக்காரர்கள். புகார் இருப்பவர்கள் நேரில் வரலாம், கடிதமும் எழுதலாம் என்று அறிவித்தார்கள். வந்து சேர்ந்த புகார்கள் 1,959. இதில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நேரில் வந்து நின்றார்கள். ரயில் ஓடாத காலம். நடந்துதான் வந்திருப்பார்கள்.

1855இல் அறிக்கை வந்தது. அதைப் படித்தால் நம் சொற்கள் இங்கிலீஷ் எழுத்தில் கிடந்து வலிக்கின்றன. கிட்டி: விரல்களை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள்: ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது, முதுகில் கல் ஏற்றுவது. (திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இந்தப் பெயரில் ஒரு தண்டனை இருந்தது. பிள்ளைகளை அடித்துப் பழகிய கைதான் பிறகு கச்சேரியில் பெரியவர்களையும் அடித்தது போலும்.) 1857இல் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்து நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார். சிப்பாய்களின் கொடுமை பற்றி இங்கிலாந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் சித்திரவதைப் பகுதி அல்ல. அடிபட்டவன் ஏன் புகார் கொடுப்பதில்லை என்று கமிஷன் ஆராயும் பகுதி. 1816இலிருந்து கலெக்டர்தான் மாஜிஸ்ட்ரேட்டும். அவருக்குக் கீழே தாசில்தார்தான் வரி வசூலுக்கும் தலைவர், தாலுகா போலீசுக்கும் தலைவர். அடிபட்டவன் காசு செலவழித்து, வேலையை விட்டு, கலெக்டர் இருக்கும் ஊருக்குப் போய் மனு கொடுக்கிறான். கலெக்டர் அதன் மேல் வழக்கமான ஒரு குறிப்பு எழுதித் தாசில்தாருக்கே அனுப்பிவிடுகிறார். அதாவது அடித்தவனிடமே. இந்தப் பயத்தில்தான் குடிகள் வாய் திறப்பதில்லை என்று கமிஷன் எழுதியது. எங்கள் பாட்டி 1855 அறிக்கையைப் படித்தவள் அல்ல.

அறிக்கையை அப்படியே கும்பிட வேண்டியதில்லை. வெள்ளை அதிகாரிகளைச் சுத்தமாக விடுவித்து, பழியை எல்லாம் 'நேட்டிவ்' சிப்பந்திகள் தலையில் கட்டிய அறிக்கை அது. வரிக் கொடுமைதான் அதன் மையம் என்பதால் பேசியவர்களில் பெரும்பகுதி நிலம் உழுத குடிகள். நிலமே இல்லாமல் பண்ணையாளாகக் கிடந்த பறச்சேரி அந்தப் பக்கங்களில் எவ்வளவு பேச முடிந்திருக்கும்? பண்ணையில் அடி விழுந்தால் அது விசாரணைக்குரிய குற்றமாகவே எண்ணப்படாத காலம்.

கமிஷனின் பயனாக இரண்டு வந்தன. போலீசையும் வரி வசூலையும் பிரித்து 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி 1861இல் வந்து, 1872 சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நின்று, இப்போதைய புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஒரு நாட்டின் சட்டமே தன் போலீசை நம்ப முடியாது என்று எழுதி வைத்திருப்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. ஆனால் போலீசைக் கேள்வி கேட்கும் இடம் மட்டும் மாறவில்லை. மாஜிஸ்ட்ரேட் என்ற பெயரில் கலெக்டரிடமே நின்றது.

அதற்குள் கண் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1911இல் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. குறவர் முதலான சாதிகளின் கைரேகை எடுக்கப்பட்டது, பெயர்கள் ரிஜிஸ்டரில் ஏறின, இருப்பிடம் விட்டுப் போகவும் வரவும் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டியிருந்தது. 1947இல் இங்கே சட்டம் ஒழிந்தது. டேசனின் பழக்கம் ஒழியவில்லை. நகை காணாமல் போனால் இன்றைக்கும் ஜீப் முதலில் எந்தத் தெருவுக்கு வரும் என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மேற்கே பஸ் ஏறினால் திருவண்ணாமலை, கலெக்டர் ஆபீஸ். கிழக்கே ஏறினால் செஞ்சி தாண்டித் திண்டிவனம். தொண்ணூறுகளிலிருந்து கிழக்குப் பக்கமும் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். 1993இல் விழுப்புரம் பக்கம் அத்தியூரில், திருட்டு வழக்கு என்று தேடி வந்த புதுச்சேரிப் போலீசார் இருளர் பெண் ஒருத்தியைச் சீரழித்தார்கள் என்ற வழக்கு எழுந்தது. திண்டிவனம் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்திய பேராசிரியர் கல்யாணி, பிரபா கல்விமணி என்று நாம் அறிந்தவர், அந்த வழக்கைத் தோளில் தூக்கினார். 1996இல் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. 2006இல் விழுப்புரம் நீதிமன்றம் போலீசாரைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுவித்துவிட்டது. தோற்ற வழக்கு என்று சிலர் சொல்வார்கள். ராத்திரியில் இருளரைத் தூக்கிப்போனால் காலையில் கேட்க ஒருவர் வருவார் என்ற பயம் இந்த வட்டாரத்து டேசன்களில் அந்த வழக்கால்தான் உண்டானது என்று நான் நினைக்கிறேன். அதே 1993இல் கம்மாபுரம் டேசனில் குறவர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கை வழக்கறிஞர் சந்துரு உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அதைத்தான் 2021இல் 'ஜெய் பீம்' படமாகப் பார்த்தோம். படத்தில் வக்கீல் பெரிதாகத் தெரிகிறார். டேசன் டேசனாக அலைந்த மனைவியும், அவரோடு போன கட்சித் தோழர்களும் இல்லாவிட்டால் வக்கீல் கைக்கு வழக்கே வந்திருக்காது.

பேராசிரியர், வக்கீல், உண்மை அறியும் குழுவில் வந்து மண்தரையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த ஆசிரியர், பத்திரிகைக்காரர்: இவர்களில் ஒருவருக்கும் அரசு ஆணை கிடையாது. போலீசைக் கண்காணித்தவர்கள் என்று சொன்னால் நான் முதலில் இவர்களைத்தான் சொல்வேன். அரசு ஆணையோடு வந்தவை இவர்களுக்குப் பிறகு வருகின்றன. 1993 சட்டத்தின் கீழ் தேசிய மனித உரிமை ஆணையம் வந்தது, 1997இல் மாநில ஆணையம் வந்தது. சம்பவம் நடந்து ஒரு வருசத்துக்குள் மனு போக வேண்டும், ஆணையம் செய்வது பரிந்துரை. இதற்கு மேல் அவற்றைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

நமக்கென்று நாற்காலி போட்ட சட்டம் ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. 17ஆம் விதி மாவட்டந்தோறும் விழிக்கண் குழு அமைக்கச் சொல்கிறது. தலைவர் கலெக்டர். எஸ்.பி. உறுப்பினர். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் உண்டு. இவர்களோடு, அரசு சாராத பட்டியல் சாதி, பழங்குடியினர் ஐந்து பேர் வரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். எந்த வழக்கில் எஃப்.ஐ.ஆர். போடவில்லை, எந்த வழக்கில் டி.எஸ்.பி. வந்து விசாரிக்கவில்லை, நிவாரணம் ஏன் நிற்கிறது என்று எஸ்.பி.யின் முகத்தைப் பார்த்து ஒரு சேரிக்காரன் கேட்க, இந்த நாட்டுச் சட்டம் போட்ட நாற்காலி அது. மனு எழுதச் சொல்லி வருகிறவர்களிடம் நான் கேட்பதுண்டு, நம்ம மாவட்டத்துல அந்த அஞ்சு பேரு யாரு? இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பெயர் தெரியாத உறுப்பினரிடம் எவன் போய்க் குறை சொல்வான்?

அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமை தவறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருசம் வரை சிறை என்கிறது. வாயால் சொன்ன புகாரை எழுதிப் படித்துக் காட்டாமல் விடுவதும், எஃப்.ஐ.ஆர். நகல் தராமல் விடுவதும் 2016 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி கடமை தவறுதலே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊழியர் மீது குற்றச்சாட்டு வைக்க வேண்டுமானால் நிர்வாக விசாரணை ஒன்று பரிந்துரைக்க வேண்டும். மறுபடியும் அதே ஆபீஸ்.

2006 செப்டம்பர் 22இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சுற்றை உடைக்கப் பார்த்தது. வழக்குப் போட்டவர் போலீஸ் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது கவனிக்கத்தக்கது. மாநிலத்திலும் மாவட்டத்திலும் போலீஸ் புகார் ஆணையம் வேண்டும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக வேண்டும் என்றது தீர்ப்பு. தமிழ்நாடு 2013இல் ஒரு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். 2019இல்தான் ஆணையம் அமைக்க அரசாணை வந்தது. 1855இல் மூன்று வெள்ளைக்காரர்கள் கோளாறு என்று எழுதியதை, நூற்றைம்பது வருசத்துக்குப் பிறகு நம்மவர்கள் உட்கார்ந்து சட்டமாக்கினார்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடியில் இறந்தார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்ட்ரேட்டையே அந்த டேசனில் அவமதித்தார்கள். அன்றிரவு நடந்ததைச் சொன்னது உள்ளேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். எல்லா ஆணையங்களும் செய்யாததை அவர் வாக்குமூலம் செய்தது. தடயம் அழியாமலிருக்க நீதிமன்றம் அந்த டேசனை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைத்தது. 1859இல் பிரித்ததை 2020இல் சில நாளுக்கு மறுபடி சேர்க்க வேண்டிவந்தது. எங்கள் மாவட்டத்தில் 2022 ஏப்ரலில், தட்டரணையிலிருந்து மதுவிலக்குப் போலீசார் பிடித்துப்போன பழங்குடி ஒருவர் சிறைக் காவலில் இறந்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. அதுவும் போலீஸ்தான்.

கலெக்டர் நாற்காலியைப் பற்றியே பேசிவருகிறேன் என்பதால் வாச்சாத்தியைச் சொல்லாமல் விட முடியாது. 1992 ஜூன் 20இல் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி மலையாளிப் பழங்குடி ஊருக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்தே போயின. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைச் சீரழித்தார்கள். அரசுத் தரப்பு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. நேரில் போய்ப் பார்த்து நடந்தது என்று எழுதியவர் தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல இயக்குநராக இருந்த பாமதி. அவரும் ஐ.ஏ.எஸ்.தான், ஆனால் அந்த மாவட்டத்து நாற்காலியில் இருந்தவர் அல்லர். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றதில் 1995இல் சி.பி.ஐ. வந்தது. அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்கள் விரல் நீட்டிக் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். குற்றவாளிகளில் வருவாய்த்துறையினர் 6 பேர். 2023 மார்ச்சில் உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29இல் தண்டனையை உறுதிசெய்தார். சம்பவத்தின்போது பதவியில் இருந்த எஸ்.பி. மீதும் மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். அவர்களோடு அன்றைய கலெக்டர் மீதும்.