இரண்டு மரக்கால் நெல்லும் ஒரு மந்திரிசபையும்

1952 ஏப்ரல் மாதம் ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானபோது, அவருடைய மந்திரிசபை பிறந்த விதமே சர்ச்சையாக இருந்தது. முதல் பொதுத்தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152தான். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் கூட்டணி சேர்ந்து, பெரும்பான்மை தங்களுக்கே என்றன. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். பெரும்பான்மை சேர்க்கும் முயற்சியில், வன்னியர் கட்சியான காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கருக்கு அமைச்சர் பதவி கிடைத்தது.

கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றிருந்தார்கள். கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று வெளிப்படையாகச் சொன்னவர் ராஜாஜி. ஆனால் தஞ்சை ஜில்லாவில் அந்தக் கட்சியை வளர்த்தது எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தென்கன்னடத்திலிருந்து 1943-இல் தஞ்சைக்கு வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ், சேரி சேரியாக நடந்து, பரம்பரையாகப் பண்ணைகளில் கட்டுண்டு உழைத்த பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். சவுக்கால் அடிப்பதும் சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பதும் கூடாது என்று 1944-இல் ஓர் ஒப்பந்தமே எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்பு இருந்த நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1948-இல் கூலி பற்றி மாயவரம் ஒப்பந்தம் வந்தது. பல பண்ணைகளில் அது காகிதத்தோடு நின்றது.

ராஜாஜி பதவியேற்ற அதே 1952-இல், ஆகஸ்ட் 23-ஆம் தேதி, தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வெளியானது. சட்டமன்றத்தில் விவாதம் நடந்து வந்ததல்ல. மந்திரிசபை முடிவெடுத்து ஆளுநர் கையெழுத்திட்ட ஒன்று. பெருநிலக்காரர்களான மிராசுதார்கள் திகைத்தார்கள். காங்கிரஸின் தஞ்சைத் தூண்களாக இருந்தவர்கள் அவர்கள்தானே!

சட்டம் சொன்னது இதுதான். ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது சுமார் ஆறே முக்கால் ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். வாரத்துக்குப் பயிரிடும் குத்தகைதாரருக்கு மகசூலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளுக்கு நாள் கூலி ஆணுக்கு இரண்டு மரக்கால் நெல், பெண்ணுக்கு ஒரு மரக்கால். அறுவடையில் களவடி என்ற பங்காகக் கலத்துக்கு அரை மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்பதால், களத்தில் குவியும் நெல்லில் இருபத்து நான்கில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கின் கனம் களத்துமேட்டில் நின்றால்தான் தெரியும். ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கி அளப்பது நம் வழக்கம். அளக்கும் கை மிராசுதாரரின் ஆளான காரியக்காரருடையது. மரக்காலைத் தலைதட்டுவதும் கும்பலாக விடுவதும் அவர் இஷ்டம். காரணமில்லாமல் பண்ணையாளை வெளியேற்ற முடியாது என்று அரசாங்கம் சொன்னதும், அந்தக் கையை நிமிர்ந்து பார்த்துக் கேட்கப் பண்ணையாளுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. கம்யூனிஸ்டுகள் மீதான அச்சத்தில் பிறந்த சட்டம் என்று இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தம் கட்சிக்காரர்களின் வயலிலேயே கை வைக்க எத்தனை மந்திரிசபைகள் துணிந்திருக்கின்றன?

என்றாலும் ஓட்டை பெரிது. பண்ணையாளுக்குத்தான் பாதுகாப்பு, அன்றாடக் கூலிக்கு இல்லை என்று ஆனதும், பண்ணையாள் முறையையே பலர் கைவிட்டார்கள். குடும்பத்துக்குள் நிலத்தைப் பிரித்து எழுதி, ஒரு வேலிக்குள் காட்டியவர்களும் உண்டு. பரம்பரையாகப் பண்ணையில் உழைத்தவன் தினக்கூலியானான். அவனுக்கு இந்தச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை.

தாம் கொண்டுவந்த, எதிர்ப்பாளர்கள் ‘குலக்கல்வி’ என்றழைத்த கல்வித் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் ராஜாஜி 1954-இல் விலகினார். காமராஜர் அமைச்சரவை 1956-இல் கொண்டுவந்த நியாயவாரச் சட்டம் சாகுபடியாளரின் பங்கை நூற்றுக்கு அறுபதாக உயர்த்தியது. தினக்கூலிக்காரர் அப்போதும் வெளியில்தான் நின்றார். 1968 டிசம்பர் 25 இரவு தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களின் சேரியில், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு, 1969-இல்தான், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

(தொடரும்)